கரையான் தின்ற ஆர்.சி. புத்தகமும் அய்யன் விட்டுப்போன மலை வண்டியும்

கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகர் கைப்பட நாலு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், வண்டி எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அய்யன், அதாவது அப்பா, வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஃபீல்ட் ஆபீசர். வேலையை விட்டுக் கிளம்பிய மேலாளர் ஒருவரிடமிருந்து 1983-ல் ஒரு ஹோண்டா சிடி90 பைக் வாங்கினார். 1972-ல் ஜப்பானில் செய்த வண்டி, 1974-ல் கோவையில் முதல் பதிவு. அவர் ஓய்வுபெற்று ஊர் திரும்பியபோது தட்டுமுட்டுச் சாமான்களோடு வண்டியும் லாரியில் வந்தது. 2006 வரை சந்தைக்கும் காட்டுக்கும் ஓடியது. அப்புறம் சாளைக் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது. 2019-ல் அய்யன் காலமானார், உயில் எழுதவில்லை. ஆர்.சி. புத்தகம் மரப்பெட்டியில் இருந்தது. எடுத்துப் பார்த்தால் கரையான். பதிவெண்ணும் சேஸிஸ் நம்பரும் உள்ள பக்கம் தப்பித்துவிட்டது, 1983-ல் பெயர் மாறிய பதிவில் பாதிதான் மிச்சம்.

இப்போது மூன்று பேர் கேட்கிறார்கள். பழைய இரும்புக்காரர் 2,500 ரூபாய் என்கிறார். மாமன் மகன் "எனக்கே குடுத்துருங்க, கடம்பூர் மலைக்கு ஓட்டிக்கறேன்" என்கிறான். பெங்களூரில் பழைய வண்டி சேகரிக்கும் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு 1,60,000 சொல்லி, 20,000 முன்பணமும் அனுப்புகிறேன் என்கிறார்; பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் வெறும் கையெழுத்து மட்டும் போட்டுத் தந்தால் போதுமாம். இடையில் ஒரு புரோக்கர். புத்தகம் தொலைந்துவிட்டதாக ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள், படிவத்தில் 2018 தேதி போட்டு அய்யன் கையெழுத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் அவர். திருப்பூரில் இருக்கும் தங்கையோ விற்கவே கூடாது என்கிறாராம்.

கேள்விகள் இவை. 90 சிசி வண்டிக்குப் பதிவெல்லாம் எதற்கு? 15 வருடம் தாண்டிய வண்டியை உடைக்கத்தானே வேண்டும்? இல்லை, 50 வருடம் ஆனதால் தானாகவே வின்டேஜ் ஆகிவிட்டதா? விற்பதற்கு முன் பெயிண்ட் அடிக்கலாமா? கடைசியாக, "தங்கையை 1988-லேயே கட்டிக் கொடுத்துவிட்டோம். 89-க்கு முன்னால் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கில்லை என்கிறார்கள். அப்படியிருக்க அவள் பேச்சு எடுபடுமா?"

அன்புள்ள வாசகருக்கு,

நான் மோட்டார் விபத்து வழக்குகள் நடத்துகிறவன். வண்டி விற்றவர்கள் என்னிடம் வருவது பெரும்பாலும் விற்று இரண்டு வருடம் கழித்து, கையில் சம்மனோடுதான். நீங்கள் விற்பதற்கு முன்னாலேயே எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்களுக்குச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது.

வண்டி யாருடையது?

"1989-க்கு முன் கட்டிக் கொடுத்த பெண்" என்ற கணக்கு நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் புழங்குகிறது. அது எங்கிருந்து வந்தது என்றால், தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்திலிருந்து. 25.3.1989 முதல் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தம், கூட்டுக்குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குப் பிறப்பால் பங்கு தந்தது, அதற்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டது. 2005-ல் வந்த மத்தியத் திருத்தம் அந்தப் பாகுபாட்டையும் எடுத்துவிட்டது. ஆனால் உங்கள் விஷயத்தில் இவை எதுவுமே தேவையில்லை. இந்த வண்டி உங்கள் அய்யன் சம்பளக் காசில் வாங்கியது. சுயசம்பாத்தியம். உயில் எழுதாமல் போன தகப்பனின் சுயசம்பாத்தியத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பது 1956-லிருந்தே சட்டம். மகளுக்கு எப்போது கல்யாணம் ஆனது என்ற கேள்வியே அதில் கிடையாது.

அடுத்தது, நீங்கள் கவனிக்காமல் போன ஒரு வரி. வங்கி வேலைக்காக 2020-ல் தாசில்தாரிடம் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் நான்கு பெயர் இருப்பதாகவும், அய்யனைப் பெற்ற ஆத்தா நூறைத் தொட்டுவிட்டு 2021-ல் போய்விட்டதால் "இப்போது மூன்று பேர்தான்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். மூன்று பேர் இல்லை. மகனுக்குத் தாய் முதல் வகுப்பு வாரிசு. 2019-ல் அய்யன் கண்மூடிய அந்த நிமிடத்திலேயே ஆத்தாவுக்கு நாலில் ஒரு பங்கு சேர்ந்துவிட்டது. ஆத்தா போனதும் அது ஆத்தாவின் பிள்ளைகளுக்குப் போகிறது. உங்கள் சித்தப்பாவுக்கு ஒரு பாகம், அத்தைக்கு ஒரு பாகம், முன்னாலேயே இறந்த மகனின் பிள்ளைகள் என்ற முறையில் உங்களுக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒரு பாகம்.

பெங்களூர்க்காரர் சொன்ன 1,60,000-ஐ வைத்துப் பார்த்தால், அம்மாவுக்கு 40,000. சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் ஆளுக்கு 13,333. உங்களுக்கும் தங்கைக்கும் ஆளுக்கு ஏறத்தாழ 46,667. பெயரில்தான் 90, எஞ்சின் 89 சிசி; அந்த வண்டிக்கு ஐந்து பங்காளிகள்! அத்தை தன் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கேட்டுக் கோர்ட்டுக்கு வரப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு போன் போட்டுச் சொல்லி, சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கேட்டால் "எனக்கு எதுக்குச் சாமி" என்று சொல்லக்கூடிய அதே அத்தை, கேட்காமல் விற்றது தெரிந்தால் அடுத்த சீர் வரைக்கும் பேசமாட்டார்.

தங்கையின் மறுப்பு அப்படிப்பட்டதல்ல. அவர் உங்களுக்குச் சமமான உரிமையாளர். அவர் கையெழுத்து இல்லாமல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாறாது. எப்படியோ மாறிவிட்டாலும் அதை எதிர்த்து வழக்குப் போட அவருக்கு இடமுண்டு. ஏன் விற்க வேண்டாம் என்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்டுப் பார்த்தீர்களா?

90 சிசி, 15 வருடம், 50 வருடம்

மோட்டார் வாகனச் சட்டம் சின்ன எஞ்சின்களுக்கு விலக்குத் தருகிறது, உண்மைதான். ஆனால் அந்த எல்லை 25 சிசி. நாலு சக்கரத்துக்குக் குறைந்த, 25 சிசி-க்கு மேற்படாத வண்டி மட்டுமே "மோட்டார் வாகனம்" என்ற சொல்லுக்கு வெளியே நிற்கும். உங்களுடையது 89. பதிவும் வேண்டும், இன்சூரன்ஸும் வேண்டும், ஓட்டுகிறவருக்கு லைசென்ஸும் வேண்டும்.

15 வருடக் கதை டெல்லியிலிருந்து வந்து இங்கே ஒட்டிக்கொண்டது. தலைநகர் வட்டாரத்தில் பத்து வருட டீசல், பதினைந்து வருட பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை போட்ட உத்தரவுகள் உண்டு. அரசுக்குச் சொந்தமான வண்டிகள் 15 வருடம் தாண்டினால் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்பது 2023 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க விதி. தமிழ்நாட்டில் தனியாருடைய வண்டிக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. 15 வருடம் முடிந்ததும் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். நம் பக்கத்தில் "எஃப்.சி. காட்டுவது" என்று சொல்கிறோமே, அதுதான். உங்கள் வண்டிக்கு அது வெகுகாலமாகக் காட்டப்படவில்லை. அதனால் தாமதக் கட்டணம், பழைய வரி பாக்கி எல்லாம் சேர்ந்து நிற்கும். இருபது வருடம் தாண்டிய இருசக்கர வண்டிக்கான புதுப்பிப்புக் கட்டணத்தையும் 2025-ல் 2,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள்.

அப்புறம் வின்டேஜ். வண்டிக்கு வயதானால் அந்தத் தகுதி தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. 2021 ஜூலையில் மத்திய அரசு இதற்கென்று விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. 1974 பதிவு என்பதால் வயதில் நீங்கள் தேறிவிட்டீர்கள். விண்ணப்பித்துப் பதிவு செய்ய 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடம் செல்லும், அதற்குப் பிறகு புதுப்பிக்க 5,000. புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநிலக் குறியீட்டை அடுத்து "விஏ" என்று வரும் தனி எண் வரிசை. ஏற்கெனவே பதிவுள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். சேகரிப்பவர்களுக்கு அந்தப் பழைய எண்தான் உயிர்.

ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. வின்டேஜ் பதிவு வாங்கிய வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது என்று இப்படிச் சிலவற்றுக்கு மட்டும் ரோட்டில் எடுக்கலாம். மாமன் மகன் கடம்பூர் மலைக்கு ஓட்டிப் போவது இந்தப் பட்டியலில் வராது. அதனால் என் யோசனை, நீங்கள் 20,000 கட்டாதீர்கள். சாதாரணமாகவே பெயரை மாற்றிப் பதிவைப் புதுப்பித்து விற்றுவிடுங்கள். வின்டேஜ் வேண்டுமா, ரோட்டில் ஓட்ட வேண்டுமா என்பதை வாங்குகிறவர் தன் காசில் முடிவு செய்துகொள்ளட்டும். புதுப்பிக்க முடியாது என்று ஆர்.டி.ஓ. எழுத்தில் சொன்னால் மட்டும் வின்டேஜ் கதவைத் தட்டுங்கள்.

கையெழுத்து மட்டும் போதுமா?

29, 30 படிவங்கள் உயிரோடு இருக்கும் உரிமையாளர் விற்பதற்கானவை. ஆர்.சி.யில் இருப்பது அய்யன் பெயர். நீங்கள் அதில் கையெழுத்துப் போட்டால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. அய்யன் கையெழுத்தை வேறொருவர் போட்டால், அதுவும் இறப்பதற்கு முந்தைய தேதியில், அது அப்பட்டமான போலி ஆவணம். சிறைத்தண்டனைக்குரிய குற்றம். புரோக்கர் அதை "அட்ஜஸ்ட்மென்ட்" என்று சொல்லியிருப்பார். நாளை விசாரணை வந்தால் அவர் போன் அணைந்திருக்கும், பணம் வாங்கிய கணக்கு உங்களுடையதாக இருக்கும்.

தொலைந்துபோனதாகப் புகார் கொடுப்பதும் அப்படித்தான். உங்கள் புத்தகம் தொலையவில்லை, சேதமாகியிருக்கிறது. தொலைந்ததற்குத்தான் போலீஸ் சான்று. சேதமானதற்கு, மிச்சமிருப்பதை ஒப்படைத்து 26-ம் படிவத்தில் நகல் கேட்கலாம். கையில் உண்மையான தடயம் இருக்கும்போது எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? கரையான் விட்டுவைத்த அந்தப் பாதிப் பக்கம் உங்களுக்குப் பெரிய சாட்சி. ஒட்டவோ லேமினேட் செய்யவோ வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

வெற்றுப் படிவத்துக்கு வருகிறேன். பத்திரத்தில் எழுதி வாங்கிவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நம் சனங்கள் நினைக்கிறார்கள். காங்கேயம் பக்கத்து விவசாயி ஒருவர் தன் பழைய மொபெட்டை 4,500 ரூபாய்க்கு விற்றார். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, சாட்சிக் கையெழுத்தோடு பக்காவாக வைத்திருந்தார். வாங்கியவர் பெயர் மாற்றவில்லை, வேறொருவருக்குக் கைமாற்றினார், அவர் இன்னொருவருக்கு. இன்சூரன்ஸ் இல்லாத அந்த மொபெட் ஒரு மாலையில் ரோட்டோரம் நடந்துபோன ஒருவரின் காலை உடைத்தது. தீர்ப்பாயத்தில் முதல் எதிர்மனுதாரர் என் விவசாயிதான். ஸ்டாம்ப் பேப்பரை எடுத்துக் காட்டினோம். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான்: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்குப் பொறுப்பும் அவரே. உங்கள் விஷயத்தில் பதிவேட்டில் இருப்பது மறைந்தவர் பெயர். நோட்டீஸ் வாரிசுகள் வீட்டுக்குத்தான் வரும்.

பெங்களூர்க்காரர் மோசடிக்காரர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு வண்டி சீக்கிரம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முறையாக வாங்க நினைக்கும் சேகரிப்பாளருக்குத் தாள் சரியாக இருப்பது உங்களைவிட அவருக்கே முக்கியம். இரண்டு மாதம் பொறுங்கள் என்றால் ஒதுங்கிப் போகிறவரை விட்டுவிடலாம்.

தாள் வேலை எந்த வரிசையில்?

முதலில் கோவையில் பழைய பதிவேடு உள்ள ஆபீஸுக்குப் போய் உங்கள் எண் இருக்கிறதா, 1983 பெயர் மாற்றம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்துப் பதிவுகள் பல இன்னும் கம்ப்யூட்டரில் ஏறவில்லை. பேரேட்டில் இருப்பதைப் பார்த்து, அரசின் இணைய வண்டிப் பதிவேடான வாஹன் தளத்தில் ஏற்றித் தரும்படி மனுக் கொடுக்க வேண்டும். "பேக்லாக் என்ட்ரி" என்று சொன்னால் கவுன்டரில் புரியும். இது ஒன்றுதான் உண்மையிலேயே இழுத்தடிக்கும் வேலை. மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் தானாக நகரும். ஒருவேளை 1983 மாற்றம் பேரேட்டில் ஏறாமல், பழைய மேலாளர் பெயரே நின்றால் அங்கேயே நிறுத்திவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். அது வேறு வழக்கு.

அய்யன் பெயர்தான் இருக்கிறது என்றால் அடுத்தது 31-ம் படிவம். உரிமையாளர் இறந்தால் வாரிசு பெயருக்கு மாற்றும் படிவம் அது. இறந்த 30 நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் தவறவிட்டது வருடக்கணக்கில். பயப்பட வேண்டாம், தாமதத்துக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு எடுத்துக்கொள்வார்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்றவர்களின் சம்மதத்தை நோட்டரி முன் எழுதிய உறுதிமொழிப் பத்திரம், மிச்சமிருக்கும் ஆர்.சி., நகலுக்கான 26, புதுப்பிப்பதற்கான 25, இன்சூரன்ஸ் என்று எல்லாம் ஒரே கட்டாகப் போகட்டும். யாராவது ஒருவர் பெயருக்கு மாற்றினால் போதும். அம்மா பெயருக்கா, உங்கள் பெயருக்கா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

வண்டியை நேரில் காட்டச் சொல்வார்கள். பதிவும் இன்சூரன்ஸும் இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரு குட்டியானை லோடு வண்டி பிடித்து ஏற்றிக் கொண்டுபோங்கள். பதிவு இல்லாமல் ஓட்டியதற்கு மட்டும் முதல் தடவையே 5,000 வரை அபராதம், இன்சூரன்ஸ் இல்லாததற்குத் தனி.

படிவத்தில் சேஸிஸ் நம்பரின் பென்சில் நகல் ஒட்ட வேண்டியிருக்கும். இதில்தான் நிறையப் பேர் வண்டியைக் கெடுக்கிறார்கள். நம்பர் தெரியவில்லை என்று உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள், கம்பி பிரஷ் போடுவார்கள். தேய்த்த தடத்தைப் பார்த்ததும் வண்டி ஆய்வாளருக்கு வரும் முதல் சந்தேகம், நம்பரை அழித்து வேறு பொறித்திருக்கிறார்களோ என்பது. பஞ்சில் மண்ணெண்ணெய் தொட்டு, எண்ணெய்ப் பிசுக்கு ஊறும்வரை பத்து நிமிடம் வைத்துவிட்டு, பழைய பல் பிரஷால் மெதுவாகத் துடையுங்கள். காய்ந்ததும் மெல்லிய வெள்ளைத்தாளை அதன்மேல் அசையாமல் பிடித்து, மென்மையான பென்சிலைச் சாய்த்து ஒரே திசையில் தேய்த்தால் எழுத்து எழும்பி வரும். நாலைந்து நகல் எடுத்து வையுங்கள், எல்லாரும் கேட்பார்கள். எஞ்சின் நம்பரையும் அப்படியே எடுத்து ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். இடையில் யாராவது எஞ்சின் மாற்றியிருந்தால் அது இப்போதே தெரிவது நல்லது.

பெயர் உங்கள் வீட்டுக்கு மாறி வந்த பிறகுதான் 29-ம் 30-ம். பெங்களூருக்குப் போகிறது என்றால் 28-ம் படிவத்தில் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, வாங்க வேண்டும். வரி பாக்கி இருக்கக் கூடாது, வண்டி எந்த வழக்கிலும் சிக்கியிருக்கக் கூடாது. கர்நாடகத்தில் கட்ட வேண்டிய வரி அவர் பாடு. 29-ம் படிவத்தின் ஒப்புகையும் என்ஓசி நகலும் உங்கள் கையில் இருக்கட்டும். அந்தப் பக்கம் அவர் பெயர் ஏறியதை வாஹனில் நீங்களே பார்க்கும்வரை விஷயம் முடியவில்லை.

பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமானவரிச் சட்டம் விடாது. உங்கள் தொகை அதற்குக் கீழேதான், இருந்தாலும் ஐந்து பேருக்குப் பிரிக்க வேண்டிய பணத்துக்கு வங்கிக் கணக்கைவிட நல்ல சாட்சி கிடையாது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த வண்டியை விற்றதற்கு மூலதன ஆதாய வரி வராது.

தயவுசெய்து பெயிண்ட் அடிக்காதீர்கள்

சட்டத்தைத் தாண்டி ஒரு வார்த்தை. மகனுக்குத் தெரிந்த பட்டறையில் பெயிண்ட் அடித்து, உள்ளூர் மொபெட் கார்புரேட்டர் போட்டு, 12 வோல்ட்டுக்கு மாற்றி, "பளபளன்னு" கொடுக்கலாம் என்று நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இந்த வண்டிக்கு ஏன் பெங்களூரிலிருந்து ஆள் வருகிறார் என்று பாருங்கள். 1960 வாக்கில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஹெர்ப் உல் என்ற ஹோண்டா டீலர், ஊருக்குள் ஓட்டும் சூப்பர் கப் வண்டிக்குப் பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரமும் முரட்டு டயரும் மாட்டி மலைப்பாதைக்கு விற்றுப் பார்த்தார். நன்றாகப் போனது. ஹோண்டா அதைப் பார்த்துத் தானே மலைவண்டி செய்யத் தொடங்கியது. அந்த வரிசையில் வந்ததுதான் 1966 முதல் 1979 வரை தயாரான சிடி90. கிளட்ச் லிவர் கிடையாது, காலால் கியர் மாற்றினால் போதும். எஞ்சினுக்கு அடியில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதைத் தள்ளினால் எல்லா கியரும் இன்னும் ஒரு படி இறங்கி, ஆள் நடக்கும் வேகத்தில் செங்குத்து மேட்டில் ஏறும். ஹேண்டில்பாரைத் தளர்த்தி வண்டியோடு ஒட்டினாற்போலத் திருப்பி வைக்கலாம், காரின் பின்னால் கட்டிக்கொண்டு போவதற்காகச் செய்த ஏற்பாடு. இந்தியாவில் இதை யாரும் கடைபோட்டு விற்றதில்லை. இங்கே இருப்பவை யாரோ எப்போதோ கொண்டுவந்தவை. 2020-ல் ஹோண்டா சிடி125 என்று இதே சாயலில் மறுபடி ஒன்றைக் கொண்டுவந்ததிலிருந்து பழையதைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அவர்கள் பணம் கொடுப்பது அந்த நெம்புகோலுக்கும் அசல் கார்புரேட்டருக்கும் மங்கிப்போன ஆரஞ்சு நிறத்துக்கும்தான். புது பெயிண்டை எவரும் எப்போதும் அடித்துக்கொள்ளலாம். வால்பாறைச் சேற்றில் ஓடி, ஐம்பது வருடத்தில் வெளுத்த நிறத்தை மறுபடி அடிக்க முடியாது. வின்டேஜ் பதிவுக்கும் அசல் வடிவம்தான் கேட்கிறார்கள். தூசி தட்டுங்கள், டேங்கில் பழைய பெட்ரோல் இருந்தால் வடித்துவிடுங்கள். இறுகிப்போன எஞ்சினைக் கிக்கரில் ஏறி மிதித்து எழுப்ப முயலாதீர்கள். அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கவாட்டுப் பெட்டி, டூல்ஸ், உதிரி பெட்ரோல் கேன் என்று சாளையில் வேறெங்காவது கிடக்கலாம். தேடி எடுத்து வண்டியோடு வையுங்கள்.

விலை பற்றி என்னிடம் கேட்காதீர்கள், வக்கீலுக்கு அது தெரியாது. ஒருவர் படத்தைப் பார்த்தே 1,60,000 சொல்கிறார் என்றால், தாள் சரியான பிறகு நேரில் பார்க்கும் இரண்டாவது, மூன்றாவது ஆளிடமும் விலை கேளுங்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வியாபாரம். பழைய இரும்புக்காரரிடம் மறந்தும் கொடுக்க வேண்டாம். பதிவை ரத்து செய்யாமல் எடைக்குப் போட்ட வண்டியின் நம்பர் வேறு ஏதாவது வண்டியில் ஏறி ஊர் சுற்றும்.

மாமன் மகனுக்குக் கொடுப்பதென்றாலும் இதே நடைமுறைதான். சொந்தக்காரன் என்பதால் பெயர் மாற்றாமல் சாவியைக் கொடுத்துவிடுவீர்கள் என்பதுதான் என் கவலை. மலைப்பாதையில் விழுந்தால் அவனுக்குக் கால் போகும், எதிரே வருகிறவருக்கு ஏதாவது ஆனால் உங்கள் ஐந்து பேருக்கும் சம்மன் வரும். அவன் மேல் பிரியம் இருந்தால் விலையைக் குறையுங்கள், படிவத்தைக் குறைக்காதீர்கள்.

விற்காமல் வைத்துக்கொள்வதும் ஒரு வழி. சட்டம் அதைத் தடுக்கவில்லை. ரோட்டில் எடுக்காதவரை சாளைக்குள் நிற்கும் வண்டிக்கு யாரும் அபராதம் போடப்போவதில்லை. ஆனாலும் பெயர் மாற்றத்தை இப்போதே முடித்துவிடுங்கள். அம்மா இருக்கும்போது, சித்தப்பாவும் அத்தையும் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போது, அது இரண்டு மாத வேலை. இன்னும் பத்து வருடம் போனால் பங்காளிகள் ஐந்திலிருந்து பதினைந்தாகி, அதில் இரண்டு பேர் வெளிநாட்டில் இருப்பார்கள்.

கடிதத்தின் ஓரத்தில், அய்யன் அந்த வண்டியில் தங்கையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவார் என்று எழுதி, பிறகு அடித்திருக்கிறீர்கள். அடித்ததைப் படித்ததற்கு மன்னிக்கவும். அந்த நாளில் எடுத்த படம் ஏதாவது ஆல்பத்தில் இருந்தால் நகல் எடுத்து வண்டிக் காகிதங்களோடு வையுங்கள். வண்டி எண் தெரிகிற படமாக இருந்தால் வாங்குகிறவருக்கும் அது பெரிய ஆதாரம். அசலைத் தங்கையிடம் கொடுத்துவிடுங்கள்.

பெங்களூர்க்காரருக்கு இன்றைக்கே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: "தாள் வேலை நடக்கிறது, வீட்டிலும் பேச வேண்டியிருக்கிறது. முன்பணம் இப்போது அனுப்ப வேண்டாம்." ஏற்கெனவே அனுப்பிவிட்டார் என்றால், வந்த கணக்குக்கே திருப்பிப் போட்டுவிட்டு ரசீதை எடுத்து வையுங்கள்.